இறக்கிய சுருதி: மேடையில் முதிய உடல்கள்

1

வயதான பாடகர்களின் கச்சேரிக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம் நம்மூரில் இரண்டே பேச்சுகள்தான் உண்டு. ஒன்று, 'இந்த வயசுலயும் என்னமா பாடறார்!' மற்றது, 'குரல் போயிடுச்சு, மரியாதையா நிறுத்தியிருக்கலாம்.' முதலாவது பாராட்டு, இரண்டாவது வசை என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டு பேருமே மேடையில் நிற்கிறவரைக் கேட்கவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பதிவான ஒரு குரலை மனசுக்குள் ஓடவிட்டு, இதை அதோடு ஒத்துப்பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் பாஸ் போடுகிறார், ஒருத்தர் ஃபெயில் போடுகிறார்.

இந்த மார்க் ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதிய உடல் மேடையில் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். மேற்கே ராக் இசைக்குழுக்கள் எழுபதுகளையும் எண்பதுகளையும் தொட்ட வயதில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இங்கே திரைப்பாடகர்கள், மெல்லிசைக் குழுக்காரர்கள், கானாப் பாடகர்கள் இருக்கிறார்கள். இவர்களை ஒரே கோட்டில் வைத்துப் பேசுவது சரியா என்று கேட்கலாம். சரிதான் என்று சொல்ல எனக்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது.

2

2025 ஜூலை 5ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில், வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், பிளாக் சாபத் என்ற ராக் குழு தன் கடைசிக் கச்சேரியை நடத்தியது. நாற்பதாயிரத்துக்கும் மேலான கூட்டம். ஓஸி ஆஸ்போர்ன், டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்ட் என்று 1968இல் சேர்ந்த அதே நான்கு பேர், இருபது வருஷ இடைவெளிக்குப் பிறகு ஒன்றாக மேடையேறினார்கள். சேர்ந்து வாசித்தது நாலே நாலு பாட்டு. பாடகர் ஓஸிக்கு வயது 76. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத நிலை. ஒரு கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று இறந்துபோனார்.

வடசென்னைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு: வில்லா பார்க் இருக்கிற ஆஸ்டன் பகுதி, அந்த நான்கு பேரும் வளர்ந்த இடம், ஒரு தொழிற்சாலைப் பேட்டை. ஓஸியின் அப்பா டூல்மேக்கர், நைட் ஷிஃப்ட்காரர். அம்மா லூகாஸ் கம்பெனித் தொழிலாளி. ஓஸியே சின்ன வயதில் அங்கே கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் வேலை செய்திருக்கிறார், பிறகு கசாப்புக்கூடத்திலும். லூகாஸ் என்ற பெயர் நமக்கும் தெரியும், பாடியில் 1961இல் வந்த லூகாஸ் டிவிஎஸ் மூலம். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே சற்றுத் தள்ளி ரெட்டிச் என்று ஒரு ஊர். ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் பிறந்த ஊர் அது. அங்கிருந்துதான் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பமாகி, புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது. ரெட்டிச் ஆலை அறுபதுகளின் கடைசியில் மூடப்பட்டது. எழுபதோடு இங்கிலாந்தில் தயாரிப்பே நின்றது. புல்லட் மட்டும் இங்கே நிற்காமல் ஓடியது. ஆக, எந்த இரும்புச் சத்தத்திலிருந்து அந்த நான்கு பேரின் இசை பிறந்ததோ, அதே இரும்பின் ஒரு கிளைதான் எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

இனி முக்கியமான விஷயம். கிதார்காரர் டோனி அயோமி பதினேழு வயதில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தார். இசைக்காக வேலையை விட்டுவிட முடிவு செய்து, கடைசி நாள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்து இயந்திரம் அவருடைய வலதுகையின் நடுவிரலையும் மோதிரவிரலையும் நுனியில் வெட்டிவிட்டது. அவர் இடதுகைக்காரர் என்பதால், கம்பியை அழுத்த வேண்டிய கை அது. இனி வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைப் போட்டார். பிறகு, 1971இல் வந்த மூன்றாவது இசைத்தட்டிலிருந்து, விரலுக்குச் சிரமம் குறைய கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை இறக்கம். தளர்ந்த கம்பியிலிருந்து வந்த அந்தக் கனத்த, இழுபட்ட ஓசைதான் பிற்பாடு 'ஹெவி மெட்டல்' என்ற ஒரு வகைமையின் அடையாளமாக ஆகிப்போனது. உலகமெங்கும் பத்து விரலும் சரியாக இருக்கிற பையன்கள் கம்பியைத் தளர்த்திக்கொண்டு அந்த ஓசைக்காக அலைகிறார்கள்.

பிரஸ் ஷாப்பில் விரலை இழந்தவர்கள் எங்கள் தெருவில் மூன்று பேர். ஒருத்தருக்கு நஷ்டஈடு என்று ஏதோ கொடுத்து, கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தது கம்பெனி. அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். உடலின் குறை தொழிற்சாலையில் மறைக்கப்பட வேண்டிய ஒன்று. இசையில் அது ஒரு வடிவமாக மாற முடியும். முதுமையைப் பற்றிப் பேசுவதற்கான வாசல் இங்கேதான் திறக்கிறது. குரல் இறங்குவதும் விரல் தளர்வதும் மூச்சு குறைவதும் இசையின் முடிவு என்று யார் தீர்மானித்தது?

3

தீர்மானித்தது இசைத்தட்டு.

நம் மரபில் சுருதி என்பது பாடுகிறவரின் உடலைப் பொறுத்தது. ஒரு கீர்த்தனை இன்ன கட்டையில்தான் பாடப்பட வேண்டும் என்று விதி கிடையாது. இளம் வயதில் இரண்டு கட்டையில் பாடியவர், அறுபதில் ஒன்றில் பாடலாம். தம்புரா அவருக்காக இறங்கும், வயலின் இறங்கும், மிருதங்கத்தை மாற்றிக்கொள்வார்கள். செம்மங்குடி சீனிவாச ஐயர் எண்பது வயதைத் தாண்டியும் மேடையேறினார். அவர் தன்னுடைய பழைய தட்டைப்போலப் பாடவில்லையே என்று யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை. தெருக்கூத்தில் வயதான வாத்தியார் துரியோதனன் கட்டினால், அடவு குறையும், வசனம் கூடும். சபை அதை ஏற்றுக்கொள்ளும். கலைஞனின் வயசுக்கு ஏற்ப நிகழ்வு தன்னை மாற்றிக்கொள்வது அங்கே இயல்பு.

சினிமாப் பாட்டு வந்ததும் இந்த உறவு தலைகீழானது. பாட்டு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஸ்டுடியோவில், ஒரே ஒரு சுருதியில் பாடப்பட்டு அப்படியே உறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பாடகர் அதன் சொந்தக்காரர் இல்லை, அதன் நகல். ஒவ்வொரு மேடையிலும் தன்னுடைய இருபத்தைந்து வயதைப் பிசகாமல் நடித்துக் காட்ட வேண்டிய கடன் அவர் தலையில் விழுகிறது. வால்டர் பெஞ்சமின் 1936இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கரைத்துவிடுகிறது என்றார். நம் மேடைகளில் நடந்தது இன்னும் விசித்திரம். பிரதிதான் ஒளிவட்டத்தைச் சூடிக்கொண்டது. அசல் மனிதர் அதன் முன்னால் கூனிக் குறுகி நிற்கிறார்.

உடலுக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயதாக ஆகக் குரல்நாண்கள் மெலிந்து நெகிழ்ச்சியை இழக்கின்றன. குரல்வளையின் குருத்தெலும்பு இறுகுகிறது. நுரையீரலின் கொள்ளளவு குறைவதால் ஒரே மூச்சில் பாடிய வரிக்கு நடுவில் இன்னொரு மூச்சு தேவைப்படுகிறது. பொதுவாகப் பெண்களின் பேச்சுக்குரல் சற்றுத் தாழ்கிறது, ஆண்களுடையது சற்று ஏறுகிறது. மேல்ஸ்தாயி முதலில் கைவிடுகிறது. நீட்டி நிறுத்துகிற இடத்தில் குரல் ஆடுகிறது. இதில் அவமானப்பட எதுவுமில்லை. முழங்காலுக்கு நடப்பதுதான் தொண்டைக்கும் நடக்கிறது.

ரோலான் பார்த் 1972இல் 'குரலின் மணிகள்' பற்றி எழுதினார். தானியத்தில், மரத்தில் இருக்கிற சொரசொரப்பு மாதிரி, பாடுகிற குரலில் உடல் உராய்கிற இடம் அது என்பது அவர் கருத்து. அர்த்தத்தையும் உணர்ச்சியையும் பாவத்தையும் தாண்டி, நாக்கும் பல்லும் தொண்டைச் சவ்வும் கேட்கிற இடம். இளமையின் பயிற்சி இந்தச் சொரசொரப்பை இழைத்து வழவழப்பாக்கிவிடும். முதுமையில் இழைப்பு தேய்ந்து மரம் வெளியே தெரிகிறது. 'குரல் போயிடுச்சு' என்று நாம் சொல்கிற கணத்தில்தான் உண்மையில் உடல் கேட்கத் தொடங்குகிறது.

4

இங்கே அடோர்னோவைக் கூப்பிடுவது சம்பிரதாயம். பீத்தோவனின் பிற்காலப் படைப்புகள் பற்றி 1937இல் அவர் எழுதிய சிறு கட்டுரையும், அதை விரித்து எட்வர்ட் செய்த் எழுதி, அவர் 2003இல் மறைந்தபின் 2006இல் வெளியான பிற்காலப் பாணி குறித்த நூலும் இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாதவை. முதிய கலைஞனின் படைப்பு கனிந்து, சமாதானமாகி, நிறைவடையும் என்ற பொதுப்புத்தியை இருவரும் மறுக்கிறார்கள். அது விரிசல் விட்டிருக்கும், பிடிவாதமாக இருக்கும், இணக்கத்தை மறுக்கும் என்கிறார்கள்.

ஆனால் அவர்கள் பேசியது எழுதுகிறவனின், இயற்றுகிறவனின் முதுமை. பாடகனுடைய விஷயம் வேறு. அவன் புதிதாக எதையும் இயற்றவில்லை. ஓஸி பாடியது 1970இல், தன் இருபத்தோரு வயதில் பதிவு செய்த பாட்டு. பிரதி அதேதான், உடல்தான் எழுபத்தாறு. இயற்றுகிறவனின் முதுமை பிரதிக்குள் இருக்கும், பாடுகிறவனின் முதுமை பிரதிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கும். ரசிகன் மேடைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்பது அந்தத் தூரத்தைத்தான்.

இந்த வித்தியாசத்தில் ஒரு அதிகாரமும் ஒளிந்திருக்கிறது. 1943இல், அடுத்தடுத்த மாதங்களில் இரண்டு பேர் பிறந்தார்கள்: ஜூனில் பண்ணைப்புரத்தில் இளையராஜா, ஜூலையில் இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூருக்கும் பம்பாய்க்கும் வந்தபோது ஜாகருக்கு அறுபது ஆக மூன்று மாதம் இருந்தது. எல்லாரும் பேசியது அவர் இன்னும் ஓடுகிறாரா, குதிக்கிறாரா என்பதைப் பற்றித்தான். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்தபோது அவருக்கு வயது 81. அங்கே பேசப்பட்டது ஞானம், சாதனை. இயற்றுகிறவனுக்கு முதுமை ஒரு கிரீடம், உடலால் பாடுகிறவனுக்கு அது ஒரு சோதனை. மூளைக்கும் உடம்புக்கும் நாம் வைத்திருக்கிற பழைய படிநிலைதான் இது. இதில் சாதி வாடை அடிப்பதை வாசகர்கள் தாங்களே முகர்ந்துகொள்ளலாம்.

5

இனி மேடைக்கு வருவோம். வடசென்னையில் ஆடி மாதம் என்றால் கூழ் வார்த்தலும் கச்சேரியும். ராயபுரம், காசிமேடு, காலடிப்பேட்டை, எர்ணாவூர் என்று எங்கு திரும்பினாலும் தெருவை மறித்து மேடை. மெல்லிசைக் குழுக்கள்தான் எங்கள் ராக் குழுக்கள். ஒரே ஆட்கள் முப்பது நாற்பது வருஷம் சேர்ந்து வாசித்து, சண்டை போட்டு, பிரிந்து, திரும்பச் சேர்ந்து, சேர்ந்தே வயதானவர்கள்.

அப்படி ஒரு கச்சேரியில் சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் பாடக் கேட்டேன். பெயர் வேண்டாம்; சினிமாவில் கோரஸ் தவிர வேறெதுவும் கிடைக்காதவர். டி.எம்.எஸ். பாட்டு பாடுவதில் எங்கள் ஏரியாவில் பேர் பெற்றவர். எழுபதைக் கடந்திருந்தார். பல்லவியை ஒழுங்காக எடுத்தார். சரணத்தில் மேலே போகவேண்டிய இடம் வந்தது. போகவில்லை. அந்த வரியைக் கீழ்ஸ்தாயியிலேயே, கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். இந்த இடத்தில் ஒன்று நடந்தது. தபேலாக்காரர் அவரைப் பார்த்தார். ஆர்மோனியக்காரர் அந்த ஸ்வரத்திலேயே கையை நிறுத்திக்கொண்டார். தாளம் நிற்கவில்லை, ஆனால் வட்டமாகச் சுற்றிக்கொண்டே காத்திருந்தது. ஒரு ஆவர்த்தனம், இரண்டு ஆவர்த்தனம். பெரியவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியை எடுத்ததும் எல்லாரும் ஒன்றாக வந்து சேர்ந்துகொண்டார்கள். கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. தட்டில் இல்லாத அந்த இரண்டு ஆவர்த்தனம்தான் அன்றைய கச்சேரி.

முதிய பாடகனின் கலை என்பது தனி ஆளின் கலை கிடையாது. மேல்ஸ்தாயி வரியைக் கோரஸுக்குக் கொடுப்பது, கூட்டத்திடம் மைக்கை நீட்டுவது, ஒரு கட்டை இறக்குவது, இரண்டு பாட்டுக்கு நடுவில் கதை சொல்லி மூச்சை மீட்பது என்று எத்தனையோ உபாயங்கள். அத்தனையும் சுற்றி இருக்கிறவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் நடக்கும். வில்லா பார்க்கிலும் அதைத்தான் பார்த்தேன். கட்டணம் கட்டி இணையத்தில் பார்த்தோம். நம்மூர் நேரத்துக்கு அது நடுராத்திரி தாண்டிவிட்ட சமயம். என்னோடு உட்கார்ந்து பார்த்தவர் நாற்பது வருஷம் கச்சேரிகளில் ரிதம் வாசித்தவர், அறுபதைத் தாண்டியவர். அவருக்கு ராக் பழக்கமில்லை.

'இன்னா தம்பி, குந்திக்கினே பாட்றாரு?'

'ஒடம்பு முடியல அண்ணே. நடுக்கம்.'

கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'அவரப் பாக்காத. பின்னாடி டிரம்ஸ்காரரப் பாரு. அவர் வாயத்தான் பாத்துக்கினு கீறாரு. அவர் வுட்டா இவர் புடிப்பாரு. அம்பது வர்ஷம் கூட வாச்சாத்தான் இது வரும்' என்றார்.

பில் வார்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வார்டுக்கும் அன்றைக்கு வயது 77. ஒப்பந்தத் தகராறில் 2012இல் விலகி, 2013 இசைத்தட்டிலும், 2017 பிப்ரவரியில் இதே பர்மிங்ஹாமில் 'கடைசி' என்று அறிவிக்கப்பட்ட கச்சேரியிலும் இல்லாமல் போனவர் அவர். ஓஸியின் குரல் நழுவிய இடங்களில் மைதானமே பாடியது. அதைச் செண்டிமெண்ட் என்று தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பது வருஷம் ஒருவரிடமிருந்து வாங்கிக்கொண்ட பாட்டை, அவரால் முடியாதபோது எடுத்துக் கொடுக்கிற வேலையை நாற்பதாயிரம் பேர் செய்தார்கள். அப்போது பாட்டு யாருடையது?

6

சந்தை இந்தக் கேள்விக்குத் தன் பதிலை எப்போதோ வைத்துவிட்டது. முதுமையும் ஒரு பண்டம்தான். ஓஸி 1992இலேயே 'இனிச் சுற்றுப்பயணம் கிடையாது' என்று விடைபெற்றவர். அதே பெயரில் இரண்டாம் பாகமாக 2018இல் இன்னொரு விடைபெறல். 'இதுதான் கடைசி' என்ற சொல் டிக்கெட் விலையை ஏற்றும். இழந்துவிடுவோம் என்ற பயத்தை விற்பதுதான் ஏக்கத் தொழிலின் சூட்சுமம். நம்மூரிலும் பழைய பாடல் கச்சேரிகளின் முதல் வரிசை நாற்காலிகள் தொழிலாளிக்கு எட்டாத விலைக்குப் போய் ரொம்ப நாளாகிறது. எந்தப் பாட்டை டீக்கடை ரேடியோவில் இலவசமாகக் கேட்டு வளர்ந்தாரோ, அந்தப் பாட்டைப் பாடியவரை நேரில் பார்க்க அவரால் முடியாது.

உரிமைப் பிரச்சனையும் உண்டு. 2017 மார்ச்சில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் தன் ஐம்பதாண்டு நிறைவுச் சுற்றுப்பயணமாக அமெரிக்காவில் இருந்தபோது, அனுமதியின்றித் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இயற்றியவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய பங்கை யாரும் மறுக்கவில்லை. நம் விவாதத்துக்கு வேண்டியது இதுதான்: வயதாகிற தொண்டை எந்தப் பத்திரத்திலும் ஒரு தரப்பாக இல்லை. 2019 ஜூன் 2 அன்று இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 25இல் எஸ்.பி.பி. போய்விட்டார். இடையில் இழந்த இரண்டு வருஷத்தை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தராது.

7

பெண் குரலைப் பற்றித் தனியே பேச வேண்டும். எல்.ஆர்.ஈஸ்வரி 1939இல் பிறந்தவர். கோரஸ் பாடகியாக நுழைந்து, 1961இல் 'பாசமலர்' மூலம் கவனம் பெற்று, கிளப் பாட்டுகளாலும் துள்ளல் பாட்டுகளாலும் நிலைத்தவர். தமிழ் சினிமா தன் 'நல்ல' கதாநாயகியின் வாயில் வைக்கத் துணியாத வேட்கையை, கேலியை, மூச்சிரைப்பை எல்லாம் அந்தக் குரலுக்குக் கொடுத்தது. அதே குரல்தான் அம்மன் பாட்டுகளிலும் ஒலித்தது. ஆடி வந்தால் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் பக்கத்துத் தெருக்களில் கூம்பு ஸ்பீக்கர்களில் காலை நாலு மணிக்கு அவர்தான்.

வயதாகும் பெண்ணுக்கு நம் பண்பாடு ஒதுக்கித் தந்திருக்கிற இடங்கள் இரண்டு: தாய், தெய்வம். வேட்கையைப் பாடிய பெண் முதுமையில் எங்கே போவாள் என்ற கேள்விக்கு அம்மன் என்பது சமூகம் வைத்திருந்த விடை. ஆனால் அம்மன் என்ன சாதுவா? சாமியாடுகிற தெருக்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சன்னதமும் அந்தக் கிளப் பாட்டின் மூச்சிரைப்பும் ஒரே நெஞ்சுக்கூட்டிலிருந்துதான் வருகின்றன என்று. எழுபதை ஒட்டிய வயதில் 2011இல் 'ஒஸ்தி'யிலும், எண்பது கடந்து 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்திலும் அவர் பாடினார். முதலாவது குத்துப்பாட்டு, இரண்டாவதில் அம்மனும் குத்தும் ஒன்றாகிவிட்டன. ஒதுக்கப்பட்ட இடத்துக்குள் போய், அந்த இடத்தின் சுவரையே தள்ளிவைத்த குரல் அது. செய்த் சொன்ன பிடிவாதத்துக்கு உதாரணம் தேடி பீத்தோவன் வரை போகவேண்டியதில்லை.

8

ஒரு குழுவில் அசலான ஆட்கள் ஒருவரும் மிஞ்சாதபோது அது அதே குழுவா? அமெரிக்காவின் லினர்ட் ஸ்கினர்ட் குழுவில் ஆரம்பகால உறுப்பினர்களில் கடைசியாக இருந்தவர் 2023 மார்ச்சில் இறந்தார். குழு தொடர்ந்து வாசிக்கிறது. தத்துவவாதிகள் கப்பல் பலகையை ஒவ்வொன்றாக மாற்றுகிற கிரேக்கக் கதையைச் சொல்வார்கள். எங்களுக்குப் புல்லட் போதும். ரெட்டிச்சில் ஒருவரும் அதைச் செய்யவில்லை, திருவொற்றியூரில் செய்தார்கள். அதை நகல் என்று யார் சொல்வார்கள்? கைமாறியது பெயர் மட்டும் இல்லை, கை செய்கிற பழக்கமும்தான். இசைக்குழுவும் அப்படித்தான் தொடர முடியும், பழகின கை இன்னொரு கையைப் பழக்கினால்.

நம் மேடைகளில் அந்தப் பழக்கம்தான் அறுந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் மெல்லிசை மேடையில் வயலின் வரிசை, அக்கார்டியன், பாங்கோ, தும்பா, டோலக், தபேலா என்று இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். தொண்ணூறுகளில் கீபோர்டு வந்து பாதிப் பேரை இறக்கிவிட்டது. ரிதம் பேட் வந்து தோல் வாத்தியங்களை இறக்கியது. இப்போது பல கச்சேரிகளில் ஒரு லேப்டாப், மைனஸ் ட்ராக், மைக், அவ்வளவுதான். செலவு குறைவு என்று விழாக் கமிட்டிக்காரர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் மைனஸ் ட்ராக்கால் ஒரு காரியம் ஆகாது. அது காத்திருக்காது. சுருதியைக்கூடப் பொத்தானைத் தட்டி இறக்கிவிடலாம். பெரியவர் மூச்சு வாங்க நிற்கும்போது, அவர் வாயைப் பார்த்து இரண்டு ஆவர்த்தனம் சுற்றிக்கொண்டிருக்க அதற்குக் கண் கிடையாது. அவர் பின்தங்குவார், ட்ராக் முன்னால் போய்க்கொண்டே இருக்கும், கூட்டம் சிரிக்கும். 'குரல் போயிடுச்சு' என்பார்கள். போனது குரல் மட்டுமா? தொழிற்சாலையில் கன்வேயர் பெல்ட்டின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத தொழிலாளிக்கு விருப்ப ஓய்வு என்ற பெயரில் என்ன நடந்ததோ அதுதான் மேடையில் இவருக்கும் நடக்கிறது. ட்ராக் என்பது இசைக்கு வந்த கன்வேயர் பெல்ட்.

கானாவில் இது வராது என்று நினைத்திருந்தவர்கள் உண்டு. சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்து பாடுகிற மரண கானாவில் சுருதி பாடுகிறவனுடையது, வேகம் அவனுடையது, டோலக்கோ டேப்போ தீப்பெட்டியோ அவனைப் பார்த்துத்தான் போகும். வயதான பாடகனுக்கு இதைவிடத் தோதான வடிவம் கிடையாது. ஆனால் அவனுக்கு வேறொரு இழப்பு. பதிவே இல்லாத குரலுக்கு முதுமை என்று ஒன்றைச் சொல்ல முடியாது. ஒப்பிட ஒரு இளமை எங்கும் சேமிக்கப்படவில்லை. ஊரார் சாவுகளையெல்லாம் பாடி அனுப்பியவன், தன் குரலின் ஒரு துணுக்கும் மிஞ்சாமல் போய்ச்சேருகிறான். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை மேடையேற்றியபோது, கானாவும் ராக் கிதாரும் டிரம்ஸும் ஒன்றாகக் கேட்டன. சாவு வீட்டிலிருந்து கானா மைதானத்துக்கு வந்தது பெரிய காரியம். அது இளைஞர்களின் மேடை. அவர்களுக்கு வயதாகும்போது அந்த மேடை இருக்குமா என்பதில்தான் அந்த முயற்சியின் அரசியல் முழுமையடையும்.

9

1970இல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் நிறுத்தப்பட்டது. இயந்திரத்துக்கு ஆயுள் கணக்கு உண்டு. அதை அதே மாதிரி மனிதனுக்கும் எழுதிவிட்டோம்: ஐம்பத்தெட்டு, அறுபது, உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்துவது கௌரவம். 'உச்சம்' என்ற சொல்லைச் சந்தேகிக்க வேண்டும். உச்சம் என்பது சரக்கு அதிகமாக விற்ற வருஷம். பாடகன் அதோடு நின்றுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரக்கின் தர்மம். பாட்டின் தர்மம் அதுவாக இருக்க வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த முறை ஒரு முதிய குரலைக் கேட்கப் போகிறவர்கள், குரல் எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்று கவனிக்க வேண்டும். யார் பார்க்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள், யார் எடுத்துக் கொடுக்கிறார்கள். அங்கே ஒரு சின்ன சமூகம் தெரியும், வேகத்தைப் பலவீனமானவரின் மூச்சுக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்கிற சமூகம். வெளியே எங்கும் நமக்கு அது வாய்க்கவில்லை. விழாக் கமிட்டியில் இருக்கிற தோழர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. பட்ஜெட்டில் பட்டாசைக் குறைத்து, கையால் வாசிக்கிற நாலு பேருக்குச் சம்பளம் போடுங்கள். பெரியவர்கள் பாடுவார்கள். சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கும், அவ்வளவுதான்.